ஆட்டமும் அணிவகுப்பும்

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சென்ற வருடம் முதுகுவலிக்காரருக்கென்று ஒரு வகுப்பு வைத்தார்கள். காலைமுறை வேலை முடிந்ததும் சாப்பாட்டுச்சாலை மேசைகளை ஒதுக்கிவிட்டு இருபது நிமிடம். செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்றுக்கொண்டது. நாங்கள் பதினொரு பேர்: துருக்கியர், சிரியர், இரண்டு போலந்துக்காரர், ஓய்வுபெற இருக்கும் ஒரு ஜேர்மன்காரர், நான். பழக்க வந்தவர் முப்பது வயது தாண்டாத ஒரு பெண். பெட்டியைக் கையால் தூக்காதீர்கள், இடுப்பிலிருந்து ஊஞ்சல்போல ஆடி, அந்த ஆட்டத்தின் வேகத்திலேயே அதை மேலே போகவிடுங்கள் என்றார். செய்தும் காட்டினார். அவர் தூக்கியதாகவே தெரியவில்லை. பெட்டி தானாக எழும்பி மேசையில் இருந்தது.

இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். றூடொல்ஃப் லாபான் என்ற பெயரைச் சொன்னார்.

அந்தப் பெயரை ஏறத்தாழ இருபத்தைந்து வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த மாணவி ஒருவரின் கொப்பியில் கண்டிருக்கிறேன். நான் அப்போது அங்கே வரலாறு படிப்பித்தேன். அந்தக் கொப்பியிலிருந்து இந்தச் சாப்பாட்டுச்சாலை வரைக்கும் ஒரு பெயர் எந்த வழியால் வந்து சேர்ந்தது என்று தேடப்போய் எழுதியது இது. நகரமும் யந்திரமும் நோயாக்கிய உடம்பை ஆட்டத்தால் ஆற்றலாம் என்ற எண்ணம் இந்த நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பிறந்தது. அது யார் யாருடைய கைக்குப் போனது என்பது ஒரு கதை. அதே எண்ணம் எங்கள் ஊரில் என்ன ஆனது, அதில் நான் என்ன செய்தேன் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதை மட்டும் எழுதினால் நான் நேர்மையற்றவனாவேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் றூர் பிரதேசத்துக் கிராமங்கள் நிலக்கரியாலும் உருக்காலும் ஒரே தலைமுறையில் நகரங்களாயின. புகையும் நெரிசலும் பன்னிரண்டு மணிநேர வேலையும் மனிதரைத் தின்றன. இதற்கு எதிராக எழுந்த பலவிதப் போக்குகளை 'வாழ்க்கைச் சீர்திருத்தம்' என்ற ஒரே பெயரால் ஜேர்மானியர் குறிப்பிடுவர். மரக்கறி உணவு, வெயிற்குளிப்பு, இறுக்கமில்லாத உடை, இயற்கை வைத்தியம் எல்லாம் அதற்குள் அடக்கம். நல்ல மனிதரும் அதிலிருந்தனர். 'இனத்தூய்மை' பேசியவர்களும் அதே பாயில்தான் இருந்தனர். உடம்பைத் தூய்மையாக்குவது என்ற பேச்சு எந்த மொழியில் வந்தாலும் நான் இப்போது சற்று ஒதுங்கி நின்றே கேட்பதுண்டு.

டிறெஸ்டனுக்கு அருகே ஹெல்லெறவு என்ற இடத்தில் கார்ல் சிமிற் என்ற தளபாட உற்பத்தியாளர் 1909இல் ஜேர்மனியின் முதலாவது தோட்டநகரத்தைத் தொடங்கினார். தொழிற்சாலை, தொழிலாளருக்கு வீடு, வீட்டோடு தோட்டம். 1911இல் அங்கே எமில் ஜாக்-டால்குறோஸ் என்ற சங்கீத ஆசிரியருக்கு ஒரு கல்விக்கூடம் கட்டப்பட்டது. தாளத்தைக் காதால் அல்ல, முழு உடம்பாலும் படிக்கவேண்டும் என்பது அவரது முறை. தளபாடத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டக்கூடம் இருந்தது என்பதை நான் முதலில் வாசித்தபோது வேலைக்களைப்பில் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று திரும்ப வாசித்தேன். பின்னாளில் ஜேர்மன் நவீன நடனத்தின் தாயென அறியப்பட்ட மேரி விக்மன் அங்கேதான் படித்தார். படித்துவிட்டு, சங்கீதத்துக்கு அடிமையாகாத ஆட்டம் வேண்டுமென்று 1913இல் சுவிற்சர்லாந்தின் அஸ்கோனாவில் கோடைகாலப் பள்ளி நடத்திய லாபானிடம் போனார்.

லாபான் 1879இல் இன்று பிராற்றிஸ்லாவா எனப்படும் நகரில், அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் இராணுவ அதிகாரி ஒருவருக்குப் பிறந்தவர். தகப்பன் அணிவகுப்புக்காரர், மகன் ஆட்டக்காரர். இரண்டுக்குமிடையிலான தூரத்தை மகன் கடைசிவரை முழுதாகக் கடக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

முதலாம் உலகப்போருக்குப் பின் லாபான் உருவாக்கியது 'அசைவுக் குழாம்'. கோயிலில் பலர் சேர்ந்து பாடுவதுபோல, நடனம் பயிலாத சாதாரண மனிதர் வேலைமுடிந்து மாலையில் கூடி, சேர்ந்து அசைவது. பார்வையாளருக்காக அல்ல, அசைபவருக்காக. இருபதுகளில் ஹம்பேர்க் தொடங்கிப் பல நகரங்களில் இக்குழாம்கள் பெருகின. சமூக ஜனநாயகக் கட்சித் தொழிலாளரிடையேயும் அவை இருந்தன. லாபானின் மாணவர் மார்ற்றின் கிளைஸ்னர் அப்படியொரு போக்கை நடத்தினார். 1928இல் லாபான் தனது அசைவுக் குறியீட்டு முறையை வெளியிட்டார். சங்கீதத்துக்கு ஸ்வரக்குறிபோல அசைவுக்கு ஓர் எழுத்து. 1929இல் வியன்னாவில் கைத்தொழிலாளர் ஊர்வலமொன்றை ஒழுங்குசெய்தார். ஏறத்தாழ 400 தொழில்கள், 10,000 பேர். ஒவ்வொரு தொழிலாளரும் தமது தொழிலின் அசைவையே ஆட்டமாக்கி வீதியில் வந்தனர். தையற்காரரின் கை, கொல்லரின் தோள்.

இதை வாசிக்கும்போது நான் என் லைனை நினைத்தேன். எங்கள் அசைவுக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. 1924இல் உருவான றெஃபா என்ற அமைப்பின் பெயரை ஜேர்மனியில் அக்கோர்ட் வேலை செய்த எவரும் அறிவர். நேரக்கடிகாரத்தோடு பின்னால் வந்து நிற்பவரை 'றெஃபாக்காரன்' என்றே சொல்வோம். 1948இல் அமெரிக்காவிலிருந்து எம்.ரி.எம். என்ற முறை வந்தது. அதில் கையை நீட்டுதல், பிடித்தல், கொண்டுவருதல், பொருத்துதல், விடுதல் என்று அசைவு பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிக்கப்படுகிறது. அதன் ஓர் அலகு 0.036 செக்கன். லாபானின் முறையும் அசைவைப் பிரிக்கிறது: பாரமா இலேசா, சடுதியா நிதானமா, நேரா சுற்றியா, கட்டுண்டதா கட்டற்றதா. முதலாவது முறை நான் எவ்வளவு நேரத்தில் செய்தேன் என்று கேட்கிறது. இரண்டாவது நான் எப்படிச் செய்தேன் என்று கேட்கிறது. என் முதுகைப் பொறுத்தவரை இது சிறிய வித்தியாசமல்ல.

1933 வந்தது. மூவரை மட்டும் சொல்கிறேன்.

எசன் நகரில் ஃபொல்க்வாங் பள்ளியின் நடனப்பிரிவைக் கட்டியெழுப்பிய கூர்ற் யோஸ், லாபானின் மாணவர். அவரது 'பச்சை மேசை' 1932இல் பரிசில் முதற்பரிசு பெற்றது. மேசையைச் சுற்றிக் கனவான்கள் பேச, மரணம் வந்து ஒவ்வொருவராகக் கூட்டிச்செல்லும் போரெதிர்ப்பு ஆட்டம் அது. தனது குழுவிலிருந்த யூதர்களை விலக்கும்படி கேட்கப்பட்டபோது யோஸ் மறுத்தார். குழுவோடு நாட்டைவிட்டு ஓடி இங்கிலாந்தில் டார்ற்றிங்ரன் என்ற இடத்தில் அகதியானார். விக்மன் போகவில்லை, 1936 ஒலிம்பிக் தொடக்கவிழாவில் இறந்தோருக்கான புலம்பல் நடனத்தை அமைத்தார். லாபானும் போகவில்லை. பேர்லின் அரச ஒப்பெராவின் நடன இயக்குனராக இருந்தவர், பின்பு கோயபல்ஸின் அமைச்சுப் பணத்தில் ஜேர்மன் நடனத்தை ஒழுங்கமைக்கும் பொறுப்பை ஏற்றார். ஒப்பெராவின் சிறுவர் வகுப்பிலிருந்து 'ஆரியரல்லாத' பிள்ளைகள் விலக்கப்பட்டதும் அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான்.

1936 யூன் 20. பேர்லினில், இன்று வால்ட்பியூன என்று சங்கீதக் கச்சேரிகள் நடக்கும் திறந்தவெளி அரங்கு. முப்பது நகரங்களின் அசைவுக் குழாம்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர். லாபானின் குறியீட்டைத் தத்தம் ஊர்களில் வாசித்துப் பழகி வந்து ஒன்றாகச் சேர்ந்து ஆடினார்கள். இது ஒத்திகை, கோயபல்ஸ் பார்வையாளர். அவருக்குப் பிடிக்கவில்லை. அதிகம் அறிவுத்தனமாக இருக்கிறது, எங்கள் உடையைப் போட்டுக்கொண்டு வந்தாலும் எங்களுடையதல்ல என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். நிகழ்ச்சி இரத்தாயிற்று, லாபான் பதவியிழந்தார்.

கலைவரலாற்று நூல்கள் பல இந்த இடத்தில் அவரைத் தியாகியாக்கிவிட்டன. 1996இல் லிலியன் கறீனாவும் மறியோன் கான்றும் ஆவணங்களோடு எழுதிய நூலுக்குப் பின் அப்படி எழுதுவது கடினம். எசமான் விலக்கியதால் வேலைக்காரன் எதிர்ப்பாளனாகிவிடுவதில்லை. ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 1923இல் ஹம்பேர்க்கில் தனிமையுற்ற நகரத்து மனிதரை ஆற்றிய அதே கூட்டசைவு, எழுத்து மாறாமல், 1936இல் அரசின் கொண்டாட்டத்துக்கு வந்து நின்றது. மேலேயிருந்து பார்ப்பதற்கு ஒருவர் வந்ததும், அசைபவருக்காக இருந்த ஆட்டம் பார்ப்பவருக்கானதாயிற்று. அதை மாற்றுவதற்கு லாபானை எவரும் துவக்கு முனையில் வற்புறுத்தவில்லை.

1938இல் லாபானும் டார்ற்றிங்ரனுக்கு அகதியாக வந்தார். நோயாளியாக, கையில் காசில்லாமல் வந்தவரை ஏற்றுக்கொண்டது ஐந்து வருடங்களுக்கு முன்பே ஓடிய மாணவர் யோஸ். போர் தொடங்கியபின் மான்செஸ்ரரில் லோறன்ஸ் என்ற ஆலைமுகாமைத்துவ ஆலோசகர் லாபானைத் தொழிற்சாலைகளுக்குக் கூட்டிப்போனார். ஆண்கள் போருக்குப் போய்விட்டார்கள். ரயர்த் தொழிற்சாலையில் பெண்கள் கனரக ரயர்களைத் தூக்கவேண்டியிருந்தது. ஆண்களைப்போல் தசைப்பலத்தால் தூக்காமல், உடம்பை ஊசலாகச் சுழற்றி அந்த வேகத்தில் தூக்கப் பழக்கினார் லாபான். எங்கள் சாப்பாட்டுச்சாலையில் அந்தப் பெண் செய்துகாட்டியது இதுவே. இருவரும் சேர்ந்து எழுதிய நூல் 1947இல் வந்தது. அவரிடம் படித்து அமெரிக்காவுக்கு ஓடிய இம்கார்ட் பார்ற்றெனியெஃப் இளம்பிள்ளைவாதம் வந்த குழந்தைகளோடு வேலைசெய்தார். வாஷிங்ரனில் மறியன் சேஸ் 1942 முதல் மனநோய் மருத்துவமனையொன்றில், போரிலிருந்து பேச்சிழந்து வந்தவர்களோடு ஆடினார். 1966இல் அமெரிக்க நடனச் சிகிச்சைச் சங்கம் உருவானபோது அவரே முதற்தலைவர். ஆற்றும் ஆட்டம் கடைசியில் மருத்துவமனையின் சிறிய அறைக்குள் ஓரிருவரோடு தொடங்கியது.

ரயர் தூக்கிய பெண்களுக்கு அது ஆறுதலா, அதிக உற்பத்தியா என்று கேட்பவருக்கு என் பதில்: இரண்டும். எங்கள் வகுப்பும் அப்படித்தான். முதுகு நோகாதவன் விடுப்பு எடுக்கமாட்டான் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அதற்காக நோவோடு இருக்க முடியுமா?

இதெல்லாம் எங்களிடம் முன்பே இருந்தது என்று எழுதும் வழக்கம் எங்களுக்கு உண்டு. இருந்ததுதான். சங்க இலக்கியத்து வெறியாட்டு, ஆற்றும் ஆட்டமன்றி வேறென்ன? மகள் மெலிகிறாள், நிறம் வெளிறுகிறாள். தாய் வேலனை அழைக்கிறாள். களம் அமைத்து, ஆடறுத்து, அவன் ஆடுகிறான். ஆனால் அந்தப் பாடல்களின் நுட்பம் வேறு. மகளின் நோய் முருகனால் வந்ததல்ல, மலைநாட்டு இளைஞனால் வந்தது என்பது தோழிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், வாசிக்கும் எமக்கும் தெரியும். வேலன் ஆடுகிறான், எவரும் அவளைக் கேட்கவில்லை. இரண்டாயிரம் வருடங்களாக நாங்கள் இதைச் சுவையான அகத்துறை என்றுமட்டும் படிப்பித்துவந்தோம். நானும்தான்.

கேட்ட இடங்களும் இருந்தன. தொண்ணூறுகளில் மட்டக்களப்பில், பிள்ளைகள் காணாமற்போன தாய்மார் அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரிடம் போனார்கள். பொலிசில் கேட்கமுடியாத கேள்வியை அங்கே கேட்கலாம்: என்ர பிள்ளை இருக்கிறானா இல்லையா? உருவாடும் பெண் அந்தப் பிள்ளையின் வேதனையைத் தன் உடம்பில் வாங்கி நடுங்கினாள். பற்றீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்காலத்தில் அங்கிருந்து இதை எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் போரின் உளக்காயங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். குழந்தை ம. சண்முகலிங்கம் 1985இல் 'மண் சுமந்த மேனிய'ரையும், 1991இல் போர் மனத்துக்குச் செய்வதை வைத்து 'அன்னை இட்ட தீ'யையும் எழுதினார். முதலாவதை நெறிப்படுத்திய க. சிதம்பரநாதன் பின்னர் மேடையையே விட்டு, பார்வையாளர் இல்லாத அரங்கொன்றைத் தேடினார். ஊர்மக்களோடு இருந்து, பறை அடித்து, கதைத்து, ஆடி, அழுது, உடம்பில் இறுகியதை அவிழ்ப்பது. லாபானின் ஆரம்ப எண்ணத்தோடு இதற்குள்ள உறவை அந்த மாணவியின் கொப்பியில்தான் கண்டேன்.

அப்படியொரு பட்டறைக்கு அவர் என்னைக் கூட்டிப்போனார். இராணுவம் பிடித்தபின் யாழ்ப்பாணத்தில் 1996இல் மாத்திரம் அறுநூறு பேரளவில் காணாமற்போயிருந்தனர். அவரது தம்பி அவர்களில் ஒருவன். வட்டமாக நின்று ஆடிய ஆட்டத்தின் நடுவே அவர் தம்பியின் பெயரை உரத்துச் சொன்னார். வட்டம் முழுவதும் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி ஆடியது. நான் சுவரோரம் நின்றேன். விரிவுரையாளன் ஆடுவதா என்ற எண்ணம்.

2001 ஜனவரி 17 அன்று பல்கலைக்கழகத்தில் 'பொங்கு தமிழ்' நடந்தது. அந்த அரங்கச் செயற்பாட்டிலிருந்தே அதன் வடிவம் வந்தது. ஐந்து வருடங்களாக வாய்திறக்காதிருந்த ஊரில், வழிமறித்து நின்ற இராணுவத்தைத் தாண்டி ஆயிரக்கணக்கானோர் வந்து தாயகம், தேசியம், தன்னாட்சி என்று குரலெழுப்பினார்கள். அன்று அது பெரிய விடயம், இன்றும் அதைச் சிறிதாக்க நான் தயாரில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு சனத்தின் எழுச்சியையும் ஹிட்லரின் அரசு நடத்திய விழாவையும் ஒன்றென்று சொல்லும் மடமையும் எனக்கில்லை. எனது மாணவர் சிலர் பின்னடித்தபோது, போங்கள் என்று சொன்னவன் நான். இம்முறை சுவரோரம் நிற்கவுமில்லை. எல்லோரோடும் சேர்ந்து கையை உயர்த்தினேன்.

பின்னேரம் அந்த மாணவியைக் கண்டேன். தொண்டை கட்டியிருந்தது. "சேர், பறை அதே பறைதான்," என்றார். "ஆனா இண்டைக்கு ஒருத்தரும் தம்பியின்ர பேரைக் கேக்கேல்லை."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுத வெட்கமாக இருக்கிறது. முதலில் விடுதலை, பிறகு தம்பி என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னேன். 2002 போர்நிறுத்தத்தின் பின் பொங்கு தமிழ் ஊர் ஊராக நடந்தது. மேடை உயர்ந்தது, ஒலிபெருக்கி வந்தது, முழக்கங்கள் எழுதி வந்தன, புலிகளே ஏகப் பிரதிநிதிகள் என்ற வாசகமும் அவற்றில் சேர்ந்தது. பின்பு ஐரோப்பிய நகரங்களிலும் நடந்தது. பார்வையாளர் இல்லாத அரங்கு என்று தொடங்கியது, ஒருவர் மேலேயிருந்து பார்க்கும் அரங்காயிற்று. காணாமற்போனவர்களைப் பொறுத்தவரை, இராணுவம் கொண்டுபோன பிள்ளையின் பெயரை ஓரளவு சொல்லலாம், இயக்கம் கொண்டுபோன பிள்ளையின் பெயரைச் சொல்லவே முடியாது என்றானது. 2009க்குப் பின் வீதியோரக் கொட்டில்களில் படங்களோடு இருந்த தாய்மாரைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தொண்டைகட்டிய குரல் கேட்டது.

போருக்குப் பிறகு, 1949இல், யோஸ் எசனுக்குத் திரும்பினார். 1955இல் அவரது பள்ளியில் சேர்ந்த சிறுமி, சோலிங்கன் நகரில் உணவுவிடுதி நடத்தியவர்களின் மகள் பீனா பௌஷ். 1973இல் வூப்பெர்ற்றால் நகர நடனக்குழுவைப் பொறுப்பேற்றார். தொங்குரயில் ஓடும், மழைபெய்யும், ஆலை நகரம். ஆரம்பத்தில் சனம் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு அரங்கைவிட்டு வெளியேறியது. அவர் ஆட்டக்காரரிடம் அசைவைச் சொல்லிக்கொடுப்பதை விட்டு, கேள்வி கேட்டார். ஒவ்வொருவரும் தனது சொந்த வாழ்விலிருந்து அசைந்தோ பேசியோ பதில் சொல்லவேண்டும். நாடகம் அந்தப் பதில்களால் ஆனது. 1978இல் செய்த 'கொன்ராக்ற்ஹோஃப்' என்ற ஆக்கத்தை 2000இல் 65 வயதுக்கு மேற்பட்ட சாதாரண நகரவாசிகளைக்கொண்டும், 2008இல் 14 வயதிலிருந்தான பள்ளிப்பிள்ளைகளைக்கொண்டும் திரும்பச் செய்தார். பௌஷ் 2009இல் இறந்தார். பிள்ளைகளின் ஒத்திகையைக் காட்டும் விவரணப்படம் 2010இல் வந்தது. அதை என் மகளோடு இருந்து பார்த்தேன். அகதிப்பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கூச்சத்தில் நெளிந்துகொண்டு, மண்டபத்தைக் குறுக்காக நடந்தார்கள். நேராக நடப்பதற்கே மாதக்கணக்கில் பழகினார்கள்.

மகள் பத்து வருடம் பரதம் பழகியவள். அரங்கேற்றத்துக்கு மண்டபம், உடை, பக்கவாத்தியம் என்று கடன்பட்டோம். அது வேறு கட்டுரைக்குரிய விடயம். படம் முடிந்ததும் கேட்டாள்: "அப்பா, என்னட்ட டான்ஸ் கிளாசில ஒருநாளும் ஒண்டும் கேட்டதில்லையே?"

இவ்வருடமும் ஹம் காமாட்சி அம்மன் தேருக்குப் போனோம். 2002இல் திறக்கப்பட்ட கோயில், நகரின் தொழிற்பேட்டைக்குள், ஆலைக்கட்டடங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறது. தீர்த்தத்துக்குக் கால்வாய். தார்வீதியில் காவடி ஆடினார்கள், ஆண்கள் வெற்றுமேலோடு தேருக்குப் பின்னால் உருண்டார்கள். அவர்களில் என் வயதொத்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் அடுத்த லைனில் நிற்பவர். முதுகு வகுப்புக்கு வரச்சொல்லி நான் கேட்டபோது, வெள்ளைக்காரியின் முன்னால் ஆடமாட்டேன் என்றவர். நான் பக்கத்தில் நடந்தேன். உருளும்போது ஏதோ முணுமுணுத்தார். அரோகரா என்றுதான் நினைத்தேன். குனிந்து கேட்டபோது அது ஒரு பெயர். தேர் திரும்பும்வரை அந்தப் பெயரையே சொன்னார்.

திங்கட்கிழமை காலைமுறை. சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு எதிரே இருந்து, அது யாருடைய பெயர் என்று கேட்டேன்.